பி-14 மறுத்தார்

அத்தியாயம் ஆறு

“சீப்பு எதுக்கு?”

சிறை வாசலில் சோதனை போட்ட வார்டர், சீப்பையும் ரேடியோவின் தலையையும் மாறி மாறிப் பார்த்தார். தலையில் மருந்துக்குக்கூட ஒரு முடி இல்லை.

“நம்பிக்கைதான் சார்,” என்றார் ரேடியோ.

வார்டர் சிரிக்கவில்லை. சீப்பு, போன், சாவிக்கொத்து, பெல்ட் எல்லாம் தட்டில் விழுந்தன. ரேடியோ ஒரு கையால் பேண்ட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார். அடுத்தது அவரோடு வந்திருந்த கண்ணாடி என்ற பெண். அவளுடைய பேனாவைப் பிடுங்கி, நோட்டை உதறிப் பார்த்துவிட்டு ஒரு துண்டுப் பென்சிலை நீட்டினார்.

“கோர்ட் ஆர்டர்ல ஒரு மணி வரைக்கும்னு போட்டிருக்கு. ஒண்ணு அஞ்சு ஆச்சுன்னா உள்ளேயே தங்கிக்கலாம். இடம் இருக்கு.”

“ரொம்பத் தங்கமான மனசு,” என்றார் ரேடியோ.

“அத்தான், வாயை மூடுங்க,” என்றாள் கண்ணாடி.

இந்த ஜோடியைப் பற்றி இரண்டு வார்த்தை. கண்ணாடி துப்பறிவாளர். சோடாப் புட்டி மூக்குக்கண்ணாடியால் வந்த பெயர். ரேடியோ அவளுடைய அக்கா கணவர். இருபத்தாறு வருஷம் பஸ் கண்டக்டர், முழங்கால் போனபின் மச்சினியின் உதவியாளர். திறந்தால் மூட ஸ்விட்ச் கிடையாது என்பதால் ரேடியோ. அவர் அவளை ‘நீ’ என்பார். அவள் அவரை ‘நீங்க’ என்பாள். மரியாதையும் அவளிடமிருந்துதான் அவருக்குப் போகும், அதட்டலும் அவளிடமிருந்துதான்.

மணி பதினொன்று நாற்பது. ரேடியோவின் தோளில் ஒரு துணிப்பை தொங்கியது. அதில் இருந்தவை ஒரு செத்த மனிதனின் சொத்து: ஒரு சட்டை, ஒரு துண்டு, ஒரு சோப்புப் பெட்டி. பையை ஒப்படைத்தபோது சிறைக்காரர்கள் கட்டிய தகர அடையாள வில்லை இன்னும் அதன் காதில் ஆடிக்கொண்டிருந்தது.

செத்தவர் ஒரு லாரி மெக்கானிக். திருட்டு வண்டிக்கு இன்ஜின் மாற்றினார் என்ற வழக்கில் பத்தொன்பது நாள் இங்கே விசாரணைக் கைதியாக இருந்தார். மூன்று நாள் முன்பு கோர்ட்டுக்குக் கொண்டுபோனார்கள். தாழ்வாரத்தில் அவருடைய மனைவியின் தம்பி பிளாஸ்கைத் திறந்து டீ ஊற்றிக் கொடுத்தான். இரண்டு வாய் குடித்தார், சுருண்டு விழுந்தார், ஆம்புலன்ஸிலேயே உயிர் போயிற்று. அந்தத் தம்பி ஒரு மாதம் முன்பு தெரு முழுக்கக் கேட்கும்படி, “அக்கா மானத்தை வாங்கின உன்னை ஒழிச்சுக் கட்டாம விடமாட்டேன்” என்று கத்தியவன். போலீஸுக்கு அதற்கு மேல் யோசிக்க என்ன இருக்கிறது? நாளைக் காலை அவன்மேல் கொலை வழக்கு பதிவாகிறது. ஒரே நாளில் புருஷனையும் இழந்து தம்பியையும் பறிகொடுத்தவள் கண்ணாடியின் அலுவலகத்துக்கு வந்து இந்தப் பையைத்தான் மேஜைமேல் வைத்தாள்.

பைக்குள் இன்னொன்றும் இருந்தது. அவர் அவளுக்கு எழுதிய கடைசிக் கடிதம், சிறை முத்திரையோடு.

‘இங்கே நல்லாக் கவனிச்சுக்கிறாங்க. முதுகுவலின்னு சொன்னேன், தினமும் ரெண்டு வேளை மாத்திரை தர்றாங்க. வலி அப்படியேதான் இருக்கு. பசிதான் பிடுங்கித் தின்னுது. நீ கவலைப்படாதே.’

ஆனால் சிறை மருத்துவமனை கோர்ட்டுக்கு எழுதிக் கொடுத்தது வேறு: மேற்படி கைதிக்கு எந்த மருந்தும் வழங்கப்படவில்லை.

“கடுதாசி பொய் சொல்லாது. அப்ப மாத்திரை கொடுத்த கை யாரோடதுன்னு மட்டும் தெரிஞ்சா போதும்,” என்றாள் கண்ணாடி.

துணைக்கு வந்த இளம் வார்டர் முன்னால் நடந்தார். முற்றத்தைத் தாண்டியதும் வலப்பக்கம் ஆறு இரும்புக் கதவுகள். தண்டனை அறைகளாம். மூன்றாவது கதவுக்குப் பின்னாலிருந்து வறண்ட குரல் ஒன்று வந்தது.

“ஐயா... தண்ணி... தண்ணி கொடுங்கய்யா...”

வார்டர் பூட்ஸால் கதவை உதைத்தார். “இப்பதானேடா ஒரு வாளி குடிச்சே!”

“யாருங்க அது?” என்றாள் கண்ணாடி.

“தண்ணித்தொட்டின்னு பேரு. பொழுதன்னைக்கும் குடிக்கிறது, பொழுதன்னைக்கும் ஒதுங்கறது. வேற பிளாக்குக்கு மாத்தினதும் அங்கே மத்தவங்களைத் தூங்க விடாம பண்ணினான். அடிதடி ஆச்சு. அதான் இங்கே கொண்டாந்து போட்டோம். சுத்த நடிப்பு.”

“ஜெயில்ல ஒட்டகம் வளர்க்கறீங்கன்னு எனக்குத் தெரியாதே,” என்றார் ரேடியோ. அன்று அவர் சொன்ன ஜோக்குகளில் ஒரு வார்டர் சிரித்தது இதற்கு மட்டும்தான்.

மருத்துவமனை என்று எழுதியிருந்த இடத்தில் இரண்டு அறைகள். முதல் அறையில் எடை பார்க்கும் கருவி, ஒரு கட்டில், அட்டைகள் அடைத்த இரும்பு அலமாரி. அதன் முன்னால் டாக்டர். நிமிர்ந்து பார்க்காமலே பேசினார்.

“வாரத்துக்கு மூணு நாள் வர்றேன். அறுநூறு பேரு. ஒரு ஆளுக்கு ஒன்றரை நிமிஷம். உங்களுக்கும் அவ்வளவுதான்.”

“அந்த மெக்கானிக்கோட அட்டையைப் பார்க்கணும்,” என்றாள் கண்ணாடி.

டாக்டர் உருவி மேஜையில் எறிந்தார். உள்ளே வந்த அன்று, இரண்டாம் தேதி போட்ட அட்டை. உயரம், எடை, ரத்த அழுத்தம். கீழே ஒரே வரி: முதுகுவலி, ஓய்வு.

“மாத்திரை எழுதலையா?”

“தரையில படுத்தா எல்லாருக்கும்தான் முதுகு வலிக்கும். எல்லாருக்கும் எழுதினா என் ஸ்டாக்கு நாலு நாள் தாங்காது. எழுதலை.”

“ஆனா அவர் சாப்பிட்டிருக்காரு.”

“அப்ப வெளியிலேருந்து எவனோ கொண்டாந்து கொடுத்திருக்கான். டீ கொடுத்த அதே ஆளா இருக்கும். உங்க கட்சிக்காரி தம்பி. வேற?”

ரேடியோவுக்குச் சுருக்கென்றது. இப்படியே போனால் இவர்கள் தேடி வந்த தடயம் அந்தப் பையனின் கழுத்துக்கே கயிறாகும். கண்ணாடியின் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. அவள் அலமாரியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“சில அட்டையில மூலையிலே பென்சில்ல ஏதோ எழுதியிருக்கே?”

“படுக்கை நம்பர். தினசரி மருந்து உள்ளவங்களுக்கு மட்டும் எழுதுவேன். ஒண்ணாம் தேதி அதைப் பார்த்து லிஸ்ட் போட்டு கம்பவுண்டர்கிட்டே கொடுத்துடுவேன். அதுக்கப்புறம் அவர் பாடு. ஒன்றரை நிமிஷம் ஆச்சு.”

மெக்கானிக்கின் அட்டையில் மூலை காலியாக இருந்தது.

அடுத்த அறைதான் மருந்து அறை. அங்கே கம்பவுண்டர் சின்னச் சின்னக் காகிதக் குவளைகளில் மாத்திரை போட்டுக்கொண்டிருந்தார். குவளை ஒவ்வொன்றிலும் ஒரு எண்; சுவரில் ஒட்டிய பட்டியலிலும் எண்கள்தான்.

“பேரே இல்லையே?” என்றார் ரேடியோ.

“பேர் எழுதினா இடம் பத்தாது. படுக்கை நம்பர் போதும். காலையில ஆறு மணிக்கு ஒரு தடவை, மத்தியானம் பன்னெண்டுக்கு ஒரு தடவை. சாயங்காலம் பூட்டிடுவாங்க, அதனால ராத்திரி மாத்திரையையும் மத்தியானமே முழுங்கிடணும்.” ரேடியோவை ஏற இறங்கப் பார்த்தார். “நீங்க எதுக்கு வந்திருக்கீங்கன்னு தெரியும். பழி போட ஆள் தேடறீங்க. அந்த மெக்கானிக்கை நான் கண்ணாலகூடப் பார்த்ததில்லை. என் கையால அவனுக்கு ஒண்ணும் கொடுத்ததில்லை. எங்கே வேணாலும் சத்தியம் பண்றேன்.”

மணி பன்னிரண்டு அடித்தது. சுவரில் இருந்த ஜன்னல் கதவைக் கம்பவுண்டர் தூக்கினார். ஜன்னல் என்பது மரியாதைக்கு. ஒரு கை நுழையும் பொந்து அது. வெளியே வார்டர் ஒருவர் உரக்கக் கூப்பிட்டார்.

“ஏ-மூணு!”

ஒரு கை வந்தது. குவளை போயிற்று. வெளியே, “வாயைத் திற! நாக்கைத் தூக்கு! போ!” என்று அதட்டல். கம்பவுண்டர் பட்டியலில் ஒரு கோடு போட்டார். ஏ-ஒன்பது. இன்னொரு கை. இன்னொரு கோடு.

ரேடியோவுக்கு வேடிக்கையாக இருந்தது. கம்பவுண்டர் பார்ப்பது கையை. வெளியே நிற்கும் வார்டர் பார்ப்பது வாயை. டாக்டர் பார்ப்பது அட்டையை. முழு ஆளைப் பார்க்க இங்கே யாருக்கும் வேலை இல்லை போலிருந்தது.

“பி-பதினாலு!”

கை வரவில்லை.

“பி-பதினாலு! ...பி-பதினாலு!”

மூன்று தரம் கூப்பிட்டாயிற்று. கம்பவுண்டர் சலித்துக்கொண்டே பட்டியலில் எழுதினார்: ‘மறுத்தார்’.

“வரலைன்னா மறுத்தார்னு எழுதுவீங்களா?” என்றாள் கண்ணாடி.

“அதான் வழக்கம். இந்தத் திமிர் பிடிச்சவன் மூணு நாளா வர்றதில்லை. அதுவரைக்கும் ஒழுங்கா வந்துக்கிட்டிருந்தான்.”

ரேடியோவின் கை தன்னிச்சையாகத் தோள் பையைத் தடவியது. கண்டக்டர் பழக்கம், எண் காதில் விழுந்தால் டிக்கெட்டைத் தேடும். விரலில் தகர வில்லை தட்டுப்பட்டது. குனிந்து பார்த்தார்.

பி-14.

“மச்சினி,” என்றார். “இந்த ஆள் எழுதற லிஸ்டுல, செத்துப் போனவர் மூணு நாளா மாத்திரை வேணாம்னு மறுத்துக்கிட்டிருக்காரு.”

கண்ணாடி வில்லையைப் பார்த்தாள், பட்டியலைப் பார்த்தாள், அடுத்த நொடி டாக்டர் மேஜைமுன் நின்றாள்.

“மூலையில பி-14னு எழுதின அட்டையை எடுங்க.”

“எனக்கு நேரம்—”

“எடுங்க!”

டாக்டர் எடுத்தார். வேறொருவரின் பெயர், வேறொருவரின் எடை, வேறொருவரின் வியாதி. எட்டு வருஷமாகச் சர்க்கரை நோய். தினமும் இரண்டு வேளை மாத்திரை.

“ஒண்ணாம் தேதி பி-14ல படுத்திருந்தது இவரு. ரெண்டாம் தேதி இவரை அங்கேருந்து மாத்தியிருக்காங்க. அதே நாள் மெக்கானிக் உள்ளே வந்து அதே இடத்துல படுத்திருக்காரு. உங்க ஜெயில்ல நம்பர் ஆளோட போகாது, படுக்கையோட நின்னுடும். உங்க லிஸ்ட் மட்டும் ஒண்ணாம் தேதியிலேயே நிக்குது.” கண்ணாடி மூச்சு வாங்கினாள். “முதுகுவலின்னு சொன்ன மனுஷன். மறுநாளே தன் நம்பரைக் கூப்பிட்டு மாத்திரை கொடுத்தா, தனக்குத்தான்னு நினைக்காம என்ன செய்வாரு? சுகர் இல்லாதவன் சுகர் மாத்திரை தின்னா என்ன ஆகும் டாக்டர்?”

டாக்டர் முதல் தடவையாக அவளை நிமிர்ந்து பார்த்தார்.

“சுகர் இறங்கிடும். பசிக்கும். கை நடுங்கும். நேரத்துக்குச் சாப்பாடு உள்ளே போச்சுன்னா தாக்குப் பிடிக்கலாம்.”

“போகலைன்னா?”

ஜன்னலுக்கு வெளியே நின்ற வார்டர்தான் சொன்னார், சொல்லக்கூடாததைச் சொல்கிறோம் என்று தெரியாமலே. “கோர்ட்டுக்குப் போற நாள்ல காலைச் சாப்பாடு கிடையாதுங்க. ஆறு மணிக்கு மாத்திரை, ஆறேகாலுக்கு வண்டி.”

பிளாஸ்கில் இருந்தது சர்க்கரை போட்ட டீ, அவ்வளவுதான். மச்சினன் கொடுத்தது விஷமில்லை; இரண்டு வாய் தாமதமாக வந்த உதவி.

“என்ன நடக்குது இங்கே?”

வாசலை அடைத்துக்கொண்டு நின்றார் சிறைக் கண்காணிப்பாளர். இஸ்திரி போட்ட சீருடை, இஸ்திரி போட்ட முகம். நடந்ததை இளம் வார்டர் காதில் ஓதினார். கண்காணிப்பாளர் நிதானமாக மருந்து அறைக்குள் போனார், சுவரிலிருந்த பட்டியலைக் கிழிக்காமல் உரித்தார், நாலாக மடித்துப் பாக்கெட்டில் வைத்தார். கண்ணாடியின் கையிலிருந்த நோட்டையும் வாங்கி, எழுதிய பக்கத்தைக் கிழித்துக்கொண்டார்.

“இங்கே லிஸ்ட் எதுவும் இருந்ததா கம்பவுண்டர்?”

கம்பவுண்டர் தரையைப் பார்த்தார்.

“டாக்டர், நீங்க லிஸ்ட் ஏதாவது போட்டீங்களா?”

டாக்டர் அட்டையை அலமாரியில் திருப்பிச் செருகினார்.

“பார்த்தீங்களா? ஒண்ணுமில்லை. ஒரு தகரத்தை வச்சுக்கிட்டு வெளியே போய் என்ன வேணாலும் சொல்லுங்கம்மா. விஷம் வச்சவன் அக்கா அனுப்பின ஆளுங்க, வேற என்ன சொல்வீங்க? நடையைக் கட்டுங்க.”

கண்ணாடி உதட்டைக் கடித்தாள். ரேடியோ அவளை அப்படிப் பார்த்ததில்லை. கைக்கு எட்டியது வாய்க்கு எட்டாமல் போன கோபம் அவருக்கும் பொங்கியது. ஆனால் அந்தக் கோபத்துக்கு அடியில் வேறு ஏதோ உறுத்தியது, பாதி பஸ்ஸில் கணக்கு உதைக்கிற மாதிரி.

“சார், ஒரு நிமிஷம்,” என்றார். “இருபத்தாறு வருஷம் டிக்கெட் கிழிச்சவன் நான். சீட்டுல புது ஆள் உக்கார்ந்திருந்தா பழைய ஆள் இறங்கியிருக்கணும். இல்லைன்னா வண்டிக்குள்ளேயே வேற எங்கேயாவது நிக்கணும். பி-14லேருந்து எழுந்து போன அந்த சுகர்காரர் எங்கே?”

கம்பவுண்டர் பட்டியல் இருந்த வெற்றுச் சுவரைப் பார்த்தார்.

“அவர் அட்டையில பி-14ஐத் தவிர வேற நம்பர் இல்லை. அப்ப இருபத்திரண்டு நாளா அவரு மாத்திரை இல்லாம...” ரேடியோ நிறுத்தினார். சுகர் ஏறிப்போனவன் என்ன செய்வான் என்பது அவருக்குத் தெரியும். அவருடைய வழித்தடத்து டிரைவருக்கு இருந்தது அது. பாட்டில் பாட்டிலாகத் தண்ணீர் குடிப்பார், ஸ்டாப்புக்கு ஸ்டாப் வண்டியை நிறுத்தி ஒதுங்குவார்.

முற்றத்தின் பக்கம் காது கொடுத்துக் கேட்டார். தண்ணி கேட்ட குரல் இப்போது கேட்கவில்லை.

“ஒட்டகம்னு சொன்னேனே! அடப்பாவி, ஒட்டகம்னு சொன்னேனே!” ரேடியோ பேண்ட்டைப் பிடித்துக்கொண்டு ஓடினார். முழங்கால் கெஞ்சியது. அவரை முந்திக்கொண்டு பையோடு ஒருவர் ஓடினார். டாக்டர்.

இளம் வார்டர் சாவியைத் தேடி எடுத்து மூன்றாவது கதவைத் திறந்தார். உள்ளே காலி வாளியைக் கட்டிக்கொண்டு ஒரு மனிதர் ஒருக்களித்துக் கிடந்தார். உதடு வெடித்திருந்தது. டாக்டர் மண்டியிட்டு விரலில் ஊசி குத்தி ரத்தத்தைக் கருவியில் வைத்தார். எண் வரவில்லை, கருவி அளக்கிற அளவுக்கு மேல் போய்விட்டது.

அந்த மனிதர் கண்ணைப் பாதி திறந்தார். “டாக்டர் சார்... என் மாத்திரை... கேட்டுக்கிட்டே இருக்கேன்...”

டாக்டர் இளம் வார்டரைத் திரும்பிப் பார்த்தார்.

“கேட்டாரு சார்,” என்றார் வார்டர், அழுகிற குரலில். “லிஸ்டைப் பார்த்தேன். தனி-மூணுன்னு ஒரு நம்பரே அதுல இல்லை. நடிக்கிறான்னு நினைச்சேன்.”

“ஸ்ட்ரெச்சர்! வெளி ஆஸ்பத்திரிக்கு இப்பவே போகணும்!”

வெளி ஆஸ்பத்திரிக்கு ஒரு கைதி போக வேண்டுமென்றால் டாக்டர் ஒரு தாள் எழுத வேண்டும், கண்காணிப்பாளர் கையெழுத்துப் போட வேண்டும். அது இல்லாமல் வாசல் வார்டர் கதவைத் திறக்க மாட்டார். டாக்டர் அங்கேயே, தரையில் உட்கார்ந்தபடியே, கார்பன் வைத்து எழுதினார். கண்காணிப்பாளர் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தார். முகத்தின் இஸ்திரி கலைந்தது.

“என்னய்யா கதை எழுதறே? மயக்கம்னு ஒரு வார்த்தை போட்டா போதாதா?”

“மயக்கம்னு மட்டும் போட்டா, அங்கே இருக்கறவன் சாப்பிடாத மயக்கம்னு நினைச்சு குளுக்கோஸ் ஏத்தினாலும் ஏத்துவான். ஆள் காலி. என்ன ஆச்சு, எத்தனை நாளா ஆச்சு, ஏன் ஆச்சு, எல்லாம் இருக்கணும்.” டாக்டர் எழுதிக்கொண்டே இருந்தார். “‘பி-14 என்ற படுக்கை எண்ணில் இவருக்குரிய மாத்திரை இரண்டாம் தேதி முதல் வேறொரு கைதிக்கு வழங்கப்பட்டது. அக்கைதி மூன்று நாள் முன்பு இறந்தார். பட்டியலைப் புதுப்பிக்காதது என் தவறு.’ போடுங்க கையெழுத்து.”

“இதுலயா? மூணு காப்பி போகும்யா! ஒண்ணு ஆஸ்பத்திரிக்கு, ஒண்ணு வாசலுக்கு, ஒண்ணு...”

“கோர்ட்டுக்கு,” என்றாள் கண்ணாடி. “விசாரணைக் கைதி வெளியே போனா கோர்ட்டுக்குக் காப்பி போயே ஆகணும். நீங்க போட்ட சட்டம்தானே சார்?”

“நீ வாயை மூடு!”

“மூடிக்கறேன். உங்க பாக்கெட்டுல இருக்கற லிஸ்டையும் நீங்களே வச்சுக்குங்க. கையெழுத்துப் போடாம ஒரு அஞ்சு நிமிஷம் நில்லுங்க, போதும். மூணு நாளைக்குள்ளே ரெண்டாவது ஆளு. இந்த முறை டீ கொடுத்தது யாருன்னு சொல்வீங்க?”

கண்காணிப்பாளர் தரையில் கிடந்தவரைப் பார்த்தார். அவர் மார்பு ஏறி இறங்குவதை அங்கே எல்லோரும் எண்ணிக்கொண்டிருந்தார்கள். பிறகு பேனாவை எடுத்து, தாள் கிழிகிற அளவுக்கு அழுத்திக் கையெழுத்துப் போட்டார். மூன்று காப்பியிலும் நன்றாகவே பதிந்தது.

ஆம்புலன்ஸ் வெளியேறியபோது மணி பன்னிரண்டு ஐம்பத்தைந்து. வாசல் வார்டர் சீப்பை நீட்டினார். ரேடியோ வாங்கிக்கொண்டார். ஜோக் எதுவும் வரவில்லை.

வெளியே மரத்தடியில் மெக்கானிக்கின் மனைவி நின்றிருந்தாள். காலையிலிருந்து நிற்கிறாள். கண்ணாடி எல்லாவற்றையும் மறைக்காமல் சொன்னாள். சாயங்காலத்துக்குள் தாளின் நகல் கோர்ட்டில் இருக்கும். நாளைக் காலை தம்பி வீட்டுக்கு வந்துவிடுவான். அவள் அழவில்லை. கடிதத்தைக் கேட்டு வாங்கி, ‘நல்லாக் கவனிச்சுக்கிறாங்க’ என்ற வரியைக் கட்டைவிரலால் மறைத்தாள். பிறகு சிறைச் சுவரைப் பார்த்துக் காறித் துப்பினாள்.

“இப்பப் போச்சே வண்டி, அதுல அந்த இன்னொருத்தரா?”

“ஆமாம்மா,” என்றார் ரேடியோ. “பொழைச்சுக்குவாருன்னுதான் டாக்டர் சொல்றாரு.”

“அவர் வீட்டுக்கு யாராவது போய்ச் சொன்னாங்களா?”

அது யாருக்குமே தோன்றவில்லை. கண்ணாடிதான் கைப்பையிலிருந்து ஒரு காகிதக் குவளையை எடுத்தாள். மருந்து அறையில் கிடந்த காலிக் குவளை. அதன் அடியில், அட்டையில் பார்த்த விலாசத்தைப் பென்சிலால் குறித்து வைத்திருந்தாள்.

“கொடுங்க, நான் போய்ச் சொல்றேன்,” என்றாள் மெக்கானிக்கின் மனைவி. “என் வீட்டுக்கு வந்து சொன்ன மாதிரி ஒரு போலீஸ்காரன் போய்ச் சொல்ல வேணாம்.”

குவளையை வாங்கி விலாசத்தைப் படித்தாள். அது ஊரின் மறுகோடி.

“ரெண்டு பஸ் மாறணும்மா,” என்றார் ரேடியோ. பேண்ட்டில் பெல்ட்டை மாட்டிக்கொண்டு அவளோடு பஸ் ஸ்டாப்பைப் பார்த்து நடந்தார்.